ஆதாமுக்கு தொப்புள் இருந்துச்சா?

மகளை குளிப்பாட்டி துவட்டிட்டு இருந்தேன். தொப்புள்ல தண்ணி நிக்குதுன்னு துண்டு நுனிய முறுக்கி உள்ள விட்டா கூச்சம் தாங்காம நெளிஞ்சுகிட்டே, "அம்மா, இது எதுக்குதான் இருக்கு?"ன்னா. நீ என் வயித்துக்குள்ள இருந்தப்போ இங்கதான் ஒரு கொடி இருந்துச்சு, அது வழியாத்தான் உனக்கு சாப்பாடு வந்துச்சு, பிறந்ததும் வெட்டிட்டாங்க, அந்த தழும்புதான் இதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டா, "அப்போ ஆதாமுக்கு தொப்புள் இருந்துச்சா?"

எட்டு வயசு. அந்த வாரம்தான் ஞாயிறு பள்ளியில படைப்பு பாடம் முடிஞ்சிருந்துச்சு. நான் "தெரியலடி, மொதல்ல சட்டைய போடு"ன்னு தப்பிச்சுட்டேன். ஆனா ராத்திரி தூக்கம் வரல. ஏன்னா இந்த ஒரு கேள்விக்குள்ள நான் பதினஞ்சு வருஷமா மனசுக்குள்ள நடத்திட்டு இருக்கற சண்டை மொத்தமும் உக்காந்திருக்கு, அவளுக்குத்தான் அது தெரியாது.

கேள்வி ஒண்ணும் புதுசில்ல. 1646லயே தாமஸ் பிரவுன்னு ஒரு இங்கிலாந்து டாக்டர், ஓவியருங்க ஆதாமுக்கும் ஏவாளுக்கும் தொப்புள் வரையறது தப்புன்னு எழுதி வெச்சிருக்காரு, அம்மா வயித்துல வளராதவங்களுக்கு கொடி எதுக்கு, தழும்பு எதுக்குன்னு. ஆனா அதுக்கு நூறு வருஷத்துக்கு மேல முன்னாடியே மைக்கேலாஞ்சலோ சிஸ்டைன் சேப்பல் விட்டத்துல ஆதாமை வரைஞ்சு முடிச்சாச்சு, தொப்புளோடதான். போப்போட சொந்த சேப்பல்லயே ஆதாமுக்கு தொப்புள் இருக்கு, யாரும் அழிக்கல.

இதை ரொம்ப சீரியஸா எடுத்துகிட்ட ஆள் இன்னொருத்தர், பிலிப் ஹென்றி கோஸ். கடல் உயிரினங்களை தேடித்தேடி படிச்ச விஞ்ஞானி, மீன்தொட்டி வளக்கற பழக்கத்தை இங்கிலாந்துல பிரபலமாக்கினவரு, அதோட பைபிளோட முதல் புத்தகமான ஆதியாகமத்தை எழுத்துக்கு எழுத்து நம்பற தீவிர விசுவாசி. பாறை அடுக்குகளைப் பாத்தா பூமிக்கு ரொம்ப வயசாகுதுன்னு தெரியுது, வேதத்தைப் பாத்தா ஆறு நாள். ரெண்டையும் விட மனசில்ல. 1857ல ஒரு புத்தகம் போட்டாரு, பேரே ‘ஓம்ஃபலோஸ்’, கிரேக்கத்துல தொப்புள்னு அர்த்தம். அவர் சொன்னது இதுதான்: கடவுள் ஒரு மரத்தை முழுசா படைச்சா அதுக்குள்ள வளையங்கள் இருந்துதான் ஆகணும், அந்த வளையங்கள் நடக்காத வருஷங்களை காட்டும். ஆதாமை பெரியவரா படைச்சா தொப்புள் இருந்துதான் ஆகணும், அது நடக்காத பிரசவத்தை காட்டும். அதே மாதிரி பூமியையும் பழசா படைச்சாரு, புதைபடிவங்களோட சேத்து. அதெல்லாம் பூமியோட தொப்புள்.

சிரிக்காதீங்க. லாஜிக்ல ஓட்டையே கிடையாது, அதுதான் பிரச்சனையே. நீங்க எந்த ஆதாரத்தை கொண்டு வந்தாலும் "அதையும் அப்படியே படைச்சாரு"ன்னு முடிச்சுடலாம், நேத்து சாயங்காலம்தான் உலகத்தையும் நம்ம ஞாபகத்தையும் சேத்து படைச்சாருன்னுகூட சொல்லலாம், யாராலயும் மறுக்க முடியாது. விசுவாசிகளும் விஞ்ஞானிகளும் கை குலுக்கிப்பாங்கன்னு கோஸ் நெனச்சாரு, ரெண்டு பக்கமும் திரும்பிகூட பாக்கல. அந்த வருஷ ஆரம்பத்துலதான் அவரோட மனைவி மார்பக கேன்சர்ல இறந்திருந்தாங்க. அந்த நிலைமையில எழுதின புத்தகம்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் எனக்கு கேலி பண்ண வாய் வரல.

அவருக்கு ஒரு நண்பர், சார்லஸ் கிங்ஸ்லி, பாதிரியார், நாவலாசிரியரும் கூட. இவராவது புரிஞ்சுப்பாருன்னு கோஸ் நம்பினாரு. கிங்ஸ்லி எழுதின பதில், மனுஷகுலம் முழுக்க ஏமாறட்டும்னு கடவுள் பாறைகள் மேல ஒரு பிரம்மாண்டமான, தேவையே இல்லாத பொய்ய எழுதி வெச்சாருன்னு என்னால நம்ப முடியாதுங்கற மாதிரி. இதை படிச்சப்போ கொஞ்ச நேரம் போனை கீழ வெச்சுட்டேன். ஏன்னா இது கடவுளை நம்பாதவன் கேட்ட கேள்வி இல்ல. நம்பறவன், நம்பற காரணத்தாலயே கேட்டது.

நான் வளந்தது கோஸ் பேரே தெரியாத, ஆனா கோஸ் சொன்னதையே சொல்ற ஒரு உலகத்துல. டைனோசர் எலும்பெல்லாம் நம்ம விசுவாசத்தை சோதிக்க ஆண்டவர் வெச்சதுன்னு ஞாயிறு பள்ளி டீச்சர் சொல்லுவாங்க. "குரங்குல இருந்து வந்தவங்க யாரு, கை தூக்குங்க பாப்போம்"னு அவங்க கேட்டா கிளாஸே சிரிக்கும், நானும் சிரிச்சிருக்கேன். (இப்போ இருக்கற குரங்குல இருந்து மனுஷன் வந்தான்னு பரிணாமம் சொல்லவே இல்ல, சிம்பன்ஸிக்கும் நமக்கும் 60, 70 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி பொதுவான மூதாதை இருந்துச்சு, அவங்க சித்தப்பா பெரியப்பா பிள்ளைங்க முறைதான், தாத்தா முறை இல்ல. இதை எத்தனை வாட்டி சொன்னாலும் திரும்ப குரங்குலயே வந்து நிப்பாங்க.) ஸ்கூல்ல பயாலஜி டீச்சரும் நம்மாளுதான், "பரீட்சைக்கு எழுதுங்க, நம்பணும்னு இல்ல"ன்னு சொல்லி அந்த பாடத்தை ஒரே பீரியட்ல முடிச்சுட்டாரு. ரெண்டு பேருமே நல்லவங்க. ஆனா மனசுல ரெண்டு டப்பா வெச்சு, ஒண்ண தொறக்கும்போது இன்னொண்ண மூடிடணும்னு கத்துக் குடுத்தது இவங்கதான்.

இருபத்தி ரெண்டு வயசுல ஒரு முயற்சி பண்ணேன், ரெண்டு டப்பாவையும் ஒண்ணா சேத்துடலாம்னு. ஒரு நாள்னா 24 மணி நேரம் இல்ல, ஒரு பெரிய யுகம்னு எடுத்துகிட்டா பொருந்திடும்னு யாரோ சொன்னாங்க. நோட்டுல நடுவுல கோடு கிழிச்சு இடது பக்கம் ஆதியாகமம் நாள் ஒண்ணு, ரெண்டு, மூணு, வலது பக்கம் அறிவியல் சொல்ற வரிசை. முதல் ரெண்டு வரி என்னமா பொருந்துச்சு தெரியுமா, மெய் சிலிர்த்துச்சு. மூணாவது நாள் கனி குடுக்கற மரங்கள், நாலாவது நாள்தான் சூரியன், இங்கயே இடிச்சது. அஞ்சாவது நாள் பறவை, ஆறாவது நாள் தரை மிருகம், புதைபடிவத்துல இது அப்படியே தலைகீழ். இதுல ரெண்டாம் அதிகாரத்தை திருப்பினா மனுஷன் மொதல்ல, மரமும் மிருகமும் அப்புறம்னு வேற வரிசை. நோட்டை மூடி வெச்சுட்டேன். ரெண்டு அதிகாரத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சவங்களுக்கு இந்த வரிசை வித்தியாசம் தெரியாமலா இருந்திருக்கும்? அவங்களுக்கு அது பிரச்சனையாவே படல, ஏன்னா அவங்க எழுதினது டைம்டேபிள் இல்ல. இது எனக்கு உறைக்க ரொம்ப வருஷம் ஆச்சு.

உறைச்சது ஸ்கேன் ரூம்ல.

முதல் வாட்டி போனப்போ எட்டு வாரம்னு கணக்கு. ஜெல் சில்லுனு இருந்துச்சு, ஸ்க்ரீன்ல கருப்பா ஒரு ஓட்டை மாதிரி தெரிஞ்சுது, டாக்டர் பேசாம கருவிய இந்தப்பக்கம் அந்தப்பக்கம் நகத்திகிட்டே இருந்தாங்க. அவங்க பேசாதது எவ்வளவு நேரம்னு எனக்குத்தான் தெரியும். பை இருக்கு, உள்ள கரு இல்ல. முதல் மூணு மாசத்துல கலையற கர்ப்பத்துல கிட்டத்தட்ட பாதிக்கு குரோமோசோம் கோளாறுதான் காரணம், உங்க தப்பு எதுவும் இல்லன்னு சொன்னாங்க. சபையில எல்லாரும் ஆண்டவருடைய சித்தம்னாங்க. ரெண்டு பதிலையும் கையில வெச்சுகிட்டு எதை எங்க வெக்கறதுன்னு தெரியாம ஒரு வருஷம் சுத்தினேன்.

அடுத்த வாட்டி ஏழு வாரத்துல போனேன். கண்ணை மூடிட்டு 139ம் சங்கீதத்தை மனசுக்குள்ள சொல்லிட்டு இருந்தேன், தாயோட கர்ப்பத்துல என்னை உருவாக்கினது நீர்னு வருமே அது. டாக்டர் "பாருங்க"ன்னாங்க. கருப்புக்குள்ள வெள்ளையா ஒரு குட்டி மோதிரம், அதுக்கு பக்கத்துல அரிசி மாதிரி ஒண்ணு, அதுக்குள்ள ஏதோ படபடன்னு துடிக்குது. அரிசிதான் குழந்தை, ஒரு சென்டிமீட்டர். மோதிரம் என்னன்னு கேட்டேன். "அது யோக் சாக், நல்லா ரவுண்டா இருக்கு, நல்ல அறிகுறி"ன்னாங்க. யோக் சாக்னா மஞ்சக்கரு பை.

வீட்டுக்கு வந்து அழுது முடிச்சு, சந்தோஷமா ஜெபம் பண்ணி முடிச்சு, அப்புறம்தான் தோணுச்சு, எனக்கு எதுக்கு மஞ்சக்கரு பை? நான் என்ன முட்டையா போட போறேன்? தேடிப் படிச்சேன். மனுஷக் கருவுல அந்த பை இருக்கு, அதுக்கு வேலையும் இருக்கு, குழந்தையோட முதல் ரத்த அணுக்கள் அங்கதான் உருவாகுது, ஆக வெட்டியா கிடக்குதுன்னு சொல்ல முடியாது. ஆனா உள்ள மஞ்சக்கரு இல்ல. கோழி உடம்புல மஞ்சக்கருவுக்கான புரதத்தை செய்யறதுக்கு ஜீன் இருக்கு. அதோட உடைஞ்ச மிச்சம் நம்ம டிஎன்ஏல இருக்குன்னு 2008ல வந்த ஒரு ஆய்வு காட்டுச்சு, கோழியில எந்த ஜீன்களுக்கு நடுவுல அது உக்காந்திருக்கோ அதே அக்கம்பக்கத்துலதான் நம்மகிட்டயும் கிடக்கு. பால் குடுத்துகிட்டே முட்டையும் போடற பிளாட்டிபஸ்கிட்ட இதுல ஒரு ஜீன் இன்னும் வேலை செய்யுது. வீடு இடிஞ்சு போச்சு, அஸ்திவாரம் அதே தெருவுல அதே ரெண்டு வீட்டுக்கு நடுவுல தெரியுது.

அன்னிக்கு ராத்திரி முழுக்க படிச்சேன். ஏழாவது வாரத்துல என் மகளுக்கு வால் இருந்திருக்கு, இன்னும் ரெண்டு மூணு வாரத்துல அது உள்ள இழுத்துக்கும். காதுக்குள்ள இருக்கற மூணு குட்டி எலும்புல ரெண்டு, ஊர்வனவற்றோட தாடை எலும்பா இருந்த சமாச்சாரத்துல இருந்து வந்தது. வைட்டமின் சி பெரும்பாலான பாலூட்டிங்க தானே செஞ்சுக்கும், நமக்கு அந்த ஜீன் உடைஞ்சு கிடக்கு, சிம்பன்ஸிக்கும் அதே ஜீன் உடைஞ்சு கிடக்கு. பெரிய வாலில்லா குரங்குகளுக்கு 24 ஜோடி குரோமோசோம், நமக்கு 23, எங்க போச்சு ஒரு ஜோடின்னு பாத்தா நம்ம ரெண்டாவது குரோமோசோம் நடுவுல ஒட்டுப் போட்ட தையல் தெரியுது. குரோமோசோம் நுனியில மட்டும் இருக்க வேண்டிய டிஎன்ஏ எழுத்துக்கள் நடுவுல இருக்கு.

இப்போ கோஸ் பக்கம் நின்னா நான் என்ன சொல்லணும்? முட்டையே போடாத ஒரு வம்சத்துக்குள்ள, முட்டை போட்ட மாதிரி உடைஞ்ச ஜீனை ஆண்டவர் வெச்சாருன்னு சொல்லணும். ஒட்டாத குரோமோசோமுக்கு தையல் போட்டாருன்னு சொல்லணும். கிங்ஸ்லி பாறையில பாத்து மறுத்த அதே பொய், இந்த வாட்டி என் புள்ளையோட ஒவ்வொரு செல்லுக்குள்ளயும். நான் நம்பற ஆண்டவர் அப்படிப்பட்டவர் இல்ல.

ஆனா அதே ஸ்கேன் ரூம்தான் எனக்கு வழியும் காட்டுச்சு. அந்த மேசையில படுத்துகிட்டு "நீர்தான் உருவாக்கறீர்"னு நான் சொல்லிட்டு இருந்த அதே நேரத்துல, டாக்டர் இதயத்துடிப்பு 140ன்னு குறிச்சிட்டு இருந்தாங்க. ரெண்டும் இடிக்கவே இல்ல. ஒரே ஒரு செல் பிரிஞ்சு பிரிஞ்சு மனுஷன் ஆகுது, ஒவ்வொரு கட்டமும் கெமிஸ்ட்ரி, எந்த இடத்துலயும் ஒரு கை உள்ள வந்து மண்ணைப் பிசையல. இது தெரிஞ்சும் எங்க சபையில ஒருத்தர்கூட "கருவளர்ச்சி பாடம் நாத்திகம்"னு சொன்னது இல்ல. பாஸ்டர் ஒவ்வொரு குழந்தைக்கும் கை வெச்சு, ஆண்டவர் படைச்ச பிள்ளைன்னுதான் சொல்றாரு, பொய்யாவும் சொல்லல, உருவகமாவும் சொல்லல. ஒன்பது மாசத்துல மெதுவா, இயற்கையா, வாலெல்லாம் வந்து போய் ஒரு ஆள் உருவானா அது படைப்புன்னு ஒத்துக்கற நாம, அதையே கோடிக்கணக்கான வருஷத்துக்கு நீட்டினா மட்டும் கடவுள் இல்லாம போயிடுவாருன்னு ஏன் பயப்படறோம்? ஆதியாகமம் முதல் அதிகாரத்துலயே மிருகங்களை பூமி பிறப்பிக்கட்டும்னுதான் கட்டளை வருது. பூமிகிட்ட வேலைய குடுக்கறாரு.

இதையும் கிங்ஸ்லி எனக்கு முன்னாடியே பிடிச்சுட்டாரு. 1859 நவம்பர்ல டார்வினோட புத்தகம் கைக்கு வந்ததும் அவருக்கே லெட்டர் போட்டாரு, கடவுள் ஒவ்வொண்ணா வந்து இடைவெளிய நிரப்பறாருன்னு நெனக்கறதை விட, தானே வளரக்கூடிய ஆதி உயிர்களை படைச்சாருன்னு நெனக்கறது ஒண்ணும் குறைஞ்ச எண்ணம் இல்லன்னு. டார்வினுக்கு அது பிடிச்சுப் போய், பேர் போடாம அடுத்த பதிப்புல சேத்துகிட்டாரு. அப்புறம் 1879ல ஒருத்தர் கேட்டதுக்கு, ஒரே ஆள் தீவிர கடவுள் நம்பிக்கையோடவும் பரிணாமத்தை ஏத்துகிட்டும் இருக்கலாம், அதுல சந்தேகமே இல்லன்னு டார்வினே எழுதியிருக்காரு, அவரோட சொந்த நம்பிக்கை அதுக்குள்ள கரைஞ்சு போயிருந்தாலும்.

இந்த மாதிரி பேர்கள் நிறைய அடுக்கலாம். மனித ஜீனோம் திட்டத்தை நடத்தின பிரான்சிஸ் காலின்ஸ் விசுவாசி. பரிணாமம் இல்லாம உயிரியல்ல எதுவுமே புரியாதுன்னு 1973ல எழுதின உயிரியல் விஞ்ஞானி டாப்ஜான்ஸ்கி ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். 1996ல போப் ரெண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோள் இல்ல, அதுக்கும் மேலன்னு சொல்லிட்டாரு. ஆனா பெரிய ஆளுங்க பேரைச் சொல்லி ஜெயிக்கறது வாதம் ஆகாது, அந்தப் பக்கமும் பெரிய ஆளுங்க இருக்காங்க. எனக்கு இதுல உபயோகப்பட்டவர் பழைய கால கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின்தான். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னாடியே எச்சரிச்சிருக்காரு, வானத்தை பத்தியும் பூமியை பத்தியும் ஒரு கிறிஸ்தவன் வேதத்தை வெச்சு உளறினா, விஷயம் தெரிஞ்ச வெளியாளு சிரிப்பான், அப்புறம் உயிர்த்தெழுதலை பத்தி நீ சொன்னா அவன் எப்படி நம்புவான்னு. கை தூக்கச் சொன்ன டீச்சர் ஞாபகம்தான் வந்துச்சு.

இதோட முடிஞ்சுதுன்னா நல்லா இருந்திருக்கும். முடியல.

ஏன்னா முதல் ஸ்கேன் இருக்கே. டிஎன்ஏ பிரதி எடுக்கும்போது வர்ற பிழைகள்தான் பரிணாமத்துக்கு சரக்கு. ஒவ்வொரு குழந்தையும் அப்பா அம்மாகிட்ட இல்லாத ஏறக்குறைய 60, 70 புது மாற்றங்களோட பிறக்குது, என் மககிட்டயும் இருக்கும். பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது, எப்பவாவது நல்லது பண்ணும், சிலது கொல்லும். குரோமோசோம் பிரியும்போது வர்ற பிழையும் இதுக்கு சொந்தக்காரன்தான், என்னைக்கோ ரெண்டு குரோமோசோம் ஒட்டினதால நம்ம 23 வந்துச்சு, எண்ணிக்கை தப்பினதால என் முதல் பை காலியா இருந்திருக்கலாம். ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணை மட்டும் வெச்சுக்க முடியுமான்னு தெரியல. "கடவுள் பரிணாமம் மூலமா படைச்சாரு"ன்னு ஒரே வரியில நிம்மதியா எழுதறவங்களைப் பாத்தா எனக்கு எரிச்சல் வரும், அந்த வரிக்குள்ள எத்தனை சாவு இருக்குன்னு எண்ணிப் பாத்தீங்களான்னு. டார்வினுக்கு தெரியும். 1851ல அவரோட மக ஆனி பத்து வயசுல இறந்து போனா. 1860ல ஆசா கிரேங்கற விசுவாசி நண்பருக்கு எழுதறப்போ, கம்பளிப்புழு உயிரோட இருக்கும்போதே அதோட உடம்பை உள்ள இருந்து தின்னற குளவியை ஒரு நல்ல கடவுள் வேணும்னே படைச்சிருப்பாருன்னு என்னால நெனக்க முடியலன்னாரு.

சபையில இதுக்கு ரெடிமேட் பதில் ஒண்ணு உண்டு, ஆதாம் பாவம் பண்ணதாலதான் சாவு வந்துச்சுன்னு. ஏழரைக் கோடி வருஷத்துக்கும் முன்னாடி வாழ்ந்த ஒரு டைனோசரோட கால் எலும்புல கேன்சர் இருந்துச்சுன்னு 2020ல கண்டுபிடிச்சாங்க. அந்த மிருகத்துக்கு கேன்சர் வந்ததுக்கு ஆதாம் என்ன பண்ணுவாரு பாவம். இதை பாஸ்டர்கிட்ட கேட்டேன், "ரொம்ப நோண்டாதம்மா"ன்னாரு. மனுஷனுக்கு வந்த ஆத்தும மரணத்தைத்தான் பவுல் சொல்றாருன்னு ஒரு விளக்கம் இருக்கு, அது எனக்கு பாதி ஒத்துக்குது. மீதி பாதிக்கு என்கிட்ட பதில் இல்ல. சிலுவையில தொங்கற ஒரு கடவுளைத்தான் நான் கும்பிடறேன், வலிக்கு வெளிய நின்னு பட்டனை தட்டறவரை இல்ல, அதை பிடிச்சுகிட்டுதான் நிக்கறேன். இது வாதம் இல்லன்னு எனக்கே தெரியும்.

ஆதாம் விஷயமும் அப்படித்தான் தொங்குது. சில ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரே ஜோடியில இருந்து மட்டும் இவ்வளவு ஜீன் வேறுபாடு வந்திருக்க முடியாது. மொராக்கோல ஜெபல் இர்ஹூத்ல கிடைச்ச நம்ம இனத்து எலும்புக்கு வயசு சுமார் 3 லட்சம் வருஷம். அது போதாதுன்னு அழிஞ்சு போன இன்னொரு மனுஷ வகையான நியாண்டர்தாலும் உள்ள வந்துட்டாங்க, ஆப்பிரிக்காவுக்கு வெளிய இருக்கற நம்ம எல்லார் டிஎன்ஏலயும் ஒண்ணு ரெண்டு சதவீதம் அவங்களோடது. ஈராக்ல ஷானிதார் குகையில ஒரு நியாண்டர்தால் எலும்புக்கூடு எடுத்தாங்க, கை சூம்பிப் போய், ஒரு கண்ணுல அடி பட்டு பார்வை போயிருக்கணும், அந்த நிலைமையிலயும் வருஷக்கணக்கா வாழ்ந்திருக்காரு. யாரோ சோறு போட்டிருக்காங்க. அவருக்கு ஆத்துமா இருந்துச்சா? தேவசாயல்ல படைக்கப்பட்டவன்ங்கற கோடு எங்க விழுந்துச்சு, எந்த தலைமுறையில அப்பா மிருகம் மகன் மனுஷன் ஆனான்? ரொம்ப நாள் இந்தக் கேள்வி என்னை பயமுறுத்திச்சு. அப்புறம் திரும்ப அந்த ஸ்கேன் படத்தை பாத்தேன். அரிசிக்கும் இப்போ பக்கத்து ரூம்ல கத்திப் பாடிட்டு இருக்கறவளுக்கும் நடுவுல எந்த நாள் எந்த மணிக்கு கோடுன்னு என்னால காட்ட முடியாது. அதுக்காக அவ இல்லன்னு ஆயிடாது.

நேத்து மறுபடியும் குளிப்பாட்டினேன். இந்த வாட்டி நானே ஆரம்பிச்சேன், "அன்னிக்கு கேட்டியே, ஆதாமுக்கு தொப்புள் இருந்துச்சான்னு. இருந்திருக்கும்டி. அவருக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாங்கன்னுதான் நான் நெனக்கறேன்."

"மிஸ் அப்படி சொல்லலையே."

"ஆமா, மிஸ் வேற மாதிரி சொல்வாங்க. அம்மா இப்படி நெனக்கறேன்."

துண்டை தலையில முக்காடா போட்டுகிட்டு என்னையே பாத்துட்டு இருந்தா. அப்புறம், "அப்போ அந்த அம்மாவுக்கு ஜெபம் பண்ண தெரியுமா?"ன்னா.

துண்டு நுனிய முறுக்கிட்டு இருந்த கை அப்படியே நின்னுடுச்சு.